நாலாவது ஸ்க்ரூ

முப்பது வருஷத்தில் தம்பிக்காரன் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொலைத்ததில்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வண்டியைப் பிரித்தால், கழற்றிய ஒவ்வொன்றும் பழைய பெயின்ட் டப்பா மூடியில், கழற்றிய வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். திரும்பப் பூட்டும்போது மூடி காலியானால்தான் அவன் எழுந்திருப்பான். ஒன்று மிஞ்சினாலும் மறுபடி முழுசாகப் பிரிப்பான். அதனால் அவனுக்கு நட்டு என்று பெயர். அவனுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணு பாக்கப் போன இடத்துல அவ வளையலை எண்ணிக்கிட்டு இருந்திருப்பான்" என்று எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் சொல்லுவார். நட்டு அதற்கும் சிரிப்பான்.

அண்ணன்காரர் வேறு ரகம். அவருக்கு டாக்டர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவது வால்வு இருமுது" என்பார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டை நட்டு சத்தமில்லாமல் சரி செய்துவிடுவான். வாடிக்கைக்காரர்களுக்கு அது தெரியாது. டாக்டருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

முன்னால் ஷெட், பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. ஷெட்டுக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில் நட்டு இருந்தான். மூன்று வேளையும் அண்ணி கைச் சாப்பாடு. டாக்டருக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக் கொடுத்து நாலு மாசம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா தனி ஆளாக ஆறு பள்ளிக்கூட வேன்களை ஓட விட்டு மகனைப் படிக்க வைத்தவர். பேச்சு குறைவு, பார்வை ஜாஸ்தி. அந்த அம்மா எதிரில் உட்காரும்போதெல்லாம் டாக்டர் தன் நகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் மகளும் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே சிவப்பாக, கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர், ஒரு வளைந்த குழாய், இரண்டு கிளாம்ப், மடித்த காகிதம் ஒன்று. காரில் கம்பெனி போட்டுக் கொடுக்கிற கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், வேகம் சட்டென்று எடுக்கும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்று மாப்பிள்ளை விளக்கினார். ஆபீஸில் இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்களாம்.

"இதெல்லாம் நீங்க மாட்டிப் பழக்கமா மாமா? இல்லேன்னா மெயின் ரோட்டுல ஒரு கடை இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஒரு வார்த்தைதான். டாக்டர் தன் ஆயுசில் அந்த மாதிரி ஃபில்டரைத் தொட்டதில்லை. ஆனால், "மாப்பிள்ளை, எஞ்சினுக்கு மூக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுங்க. எழுந்து வரும்போது வண்டி ரெடியா இருக்கும்" என்றார்.

நட்டு அன்று இல்லை. மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். டாக்டர் தனியாகப் பானெட்டைத் திறந்தார். கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். சிவப்பு ஃபில்டரைக் கையில் எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். பஞ்சு காய்ந்து கிடக்கிற மாதிரி பட்டது. அவருடைய கை முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள்களில் பழகிய கை. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதைப் பெட்ரோலில் அலசி, எண்ணெயில் முக்கி, பிழிந்து மாட்டினால்தான் தூசியைப் பிடிக்கும். எண்ணெய் இல்லாத ஃபில்டர் வேலைக்கு ஆகாது என்று கை சொன்னது. கை சொன்னபடி அவர் செய்தார். பெட்டியில் வந்த காகிதத்தை விரித்து, எண்ணெய் சிந்தி மேஜை பாழாகாமல் இருக்க, அதன் மேலேயே ஃபில்டரை நிறுத்தி வைத்து, மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட்டுத் தேய்த்தார்.

மகள் டீ கொண்டு வந்தாள். அப்பாவின் கைவேலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சின்ன வயசுல உன் தலைக்கு இப்பிடித்தான் தேய்ப்பேன்" என்றார் டாக்டர். "நீ கத்துவே. இது கத்தல பாரு."

அவள் சிரித்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று மணி வாக்கில் நட்டு வந்தான். ஃபில்டர் மாட்டி முடிந்திருந்தது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவன் மூக்கைச் சுருக்கினான். மேஜை மேல் எண்ணெயில் ஊறிக் கிடந்த காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். படிக்கக்கூட வேண்டியதில்லை, படமே போட்டிருந்தது. ஒரு எண்ணெய்க் குப்பி, அதன் மேல் பெருக்கல் குறி. அந்த ஃபில்டர் கம்பெனியிலேயே அளவாக எண்ணெய் பூசி வருவது. மேலே ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சும். ஃபில்டருக்கு அடுத்தாற்போல் குழாயில் காற்றை அளக்கிற சென்சார் ஒன்று இருக்கிறது, அதற்குள் தலைமுடியை விட மெல்லிய கம்பி. அதில் எண்ணெய் படிந்தால் எவ்வளவு காற்று வருகிறது என்று வண்டிக்குத் தெரியாது. தெரியாத வண்டி எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தபோது நட்டு அண்ணன் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, ஒரு தடவை கழட்டிப் பாத்துரலாமா?"

"மாப்பிள்ளை முன்னாடி எனக்குப் பாடம் எடுக்காதே" என்றார் டாக்டர், உதடு அசையாமல்.

பிறகு சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை. நட்டு துணியால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டார்.

வியாழக்கிழமை காலை அந்த வண்டி கயிற்றில் கட்டப்பட்டுத் திரும்பி வந்தது.

ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது திணறியிருக்கிறது. நடுப் பாலத்தில் அணைந்தே போய்விட்டது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டும் மோதிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பின் சீட்டில் இருந்த அம்மா முன் சீட்டில் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மகள் கூட இருக்கிறாள். இதை மாப்பிள்ளை ஷெட் வாசலில் நின்றபடியே சொன்னார். சட்டையில் வேர்வை. பஸ் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

நட்டு ஃபில்டரைக் கழற்றினான். குழாயைச் சாய்த்தான். எண்ணெய் ஒரு நூல் மாதிரி இறங்கித் தரையில் சொட்டியது. சென்சாரை உருவி வெளிச்சத்துக்குக் காட்டினான். கம்பி தேன் பூசிய மாதிரி பளபளத்தது.

"யாரு இவ்வளவு எண்ணெய் ஊத்தினது?" என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் வாயைத் திறந்தார். சத்தியமாக, சொல்லத்தான் திறந்தார். ஆனால் மாப்பிள்ளையின் கண்ணுக்குப் பின்னால் மாவுக்கட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா வீட்டில் இவருடைய மகள் குடித்தனம் செய்தாக வேண்டும். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

பார்த்தார், அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பத்தில் இரண்டைச் சத்தமில்லாமல் சரி செய்தவனுக்கு அது போதும்.

"நான்தான் மாப்பிள்ளை" என்றான் நட்டு. "புது சாமான், எனக்குத் தெரியல. பழைய பழக்கத்துல ஊத்திட்டேன்."

மாப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சுப் பாத்திருக்கலாமே சின்ன மாமா. காகிதம் வந்துச்சே."

"தப்புதான்."

டாக்டர் கீழே குனிந்து, தேவையே இல்லாமல், ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் அந்த விஷயம் வந்தது. வராமல் இருக்குமா? வீட்டுக்காரிக்கு நடந்தது முழுதும் தெரியாது, மாப்பிள்ளை சொன்னதுதான் தெரியும். சோற்றைப் போட்டுக்கொண்டே கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். பொறுமைக்காரன், நிதானக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என் மகள் போகிற வண்டியில்தானா உன் நிதானம் தப்ப வேண்டும் என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பாத்து செஞ்சிருக்கணும் அண்ணி" என்றான் நட்டு. "இனிமே நடக்காது."

டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தண்ணீரைக் குடித்தார். நட்டு இரண்டாம் தடவை சோறு கேட்காமல் எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் இரண்டாம் தடவை கேட்பதே இல்லை என்பதை டாக்டர் மட்டும் கவனித்தார். 'உனக்கு வயிறு சரியில்லையா' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவன் என்ன சொல்லுவான் என்று பயமாக இருந்தது. ஒன்றும் சொல்ல மாட்டான் என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் டாக்டர் பழக் கூடையோடு சம்பந்தியம்மாவைப் பார்க்கப் போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். 'சம்பந்தியம்மா, அது நான் செஞ்ச வேலை.' ஐந்தே வார்த்தை. அந்த அம்மா சோபாவில் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டம். வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, தானாகவே வேறு பேச்சை எடுத்தார். வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஊரை விட்டுப் போகிறாராம். இனி ஆறு வேனையும் டாக்டர் ஷெட்டுக்கே அனுப்பலாம் என்று நினைக்கிறாராம்.

"ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பி கை வேண்டாம். நீங்க மட்டும் பாருங்க. குழந்தைங்க போற வண்டி."

டாக்டருக்குத் தெரிந்தது, அந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல அதுதான் சமயம். அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு தடவை ஆட்டினார். பிறகு, "உங்க மனசு எனக்குப் புரியுது" என்று வேறு சொன்னார்.

வீட்டுக்குப் போய் இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் வேன் வந்து நின்ற காலையில் நட்டு ஜாக்கியோடு எழுந்தான். வேன் டிரைவர் கொஞ்சம் கூச்சத்தோடு, "அண்ணன்தான் பாக்கணும்னு அம்மா சொன்னாங்க" என்றார். நட்டு ஜாக்கியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டின் மூலைக்குப் போய், பஞ்சருக்கு வந்த ஒரு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு மூலைதான் அவன் இடம் என்று ஆகிவிட்டது. டாக்டர் தனியாக வேன்களுக்கு அடியில் படுத்து எழுந்து இடுப்பொடிந்தார். பத்தில் இரண்டைச் சரி செய்ய இப்போது ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு வேனையும் இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தார். போன வேன் திரும்பி வருகிற வரைக்கும் டீக்கடை வானொலியில் செய்தி வந்தால் எழுந்து போய்க் கேட்டார்.

வெயில் முடிந்து மழை தொடங்கியது. ஒரு சாயங்காலம் மகள் மட்டும் வந்திருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தம். டாக்டர் அடுப்படிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சித்தப்பா ஏன் ஒல்லியாயிட்டாரு?"

"மழைக்காலம். சரியா சாப்பிட மாட்டேங்கிறான்."

டாக்டர் குழாயை மூடாமல் கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

"நீங்க எண்ணெய் தேச்சதை நான் பாத்தேன்லப்பா. டீ கொண்டு வந்தேன்ல."

அவரால் திரும்ப முடியவில்லை. இத்தனை நாள் அந்த டீ டம்ளரை அவர் மறந்தே போயிருந்தார்.

"நான் அவர்கிட்ட சொல்லல" என்றாள் மகள். "சொன்னா உங்களுக்குக் கேவலம்னு சொல்லல. எங்க வீட்டுல சித்தப்பாவுக்கு எண்ணெய் மாமான்னு பேரு வெச்சிருக்காங்க. சாப்பிடும்போது அப்பளம் எண்ணெய் குடிச்சிருந்தா, எண்ணெய் மாமா பொரிச்சதான்னு கேப்பாரு. அத்தை கூட சிரிப்பாங்க." அவள் குரல் இறங்கியது. "நேத்து நானும் சிரிச்சேன்ப்பா."

அவர் குழாயை மூடினார். மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் தோளில் கை வைக்க நினைத்தார். கை ஈரமாக இருந்ததால் வைக்கவில்லை. ஈரம் இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டார்.

ஆறு வாரம் முடிந்து மாவுக்கட்டு பிரித்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மூன்று பேரும் ஷெட்டுக்கு வந்தார்கள். காலை பதினோரு மணி இருக்கும். மழை விட்டு, தெருவெல்லாம் சேறு. சென்சாரைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த உறுமலைக் கேட்டாலே மணிக்கட்டு வலிக்கிறது, பழைய பெட்டியையே மாட்டு என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். சம்பந்தியம்மா கையைத் துண்டில் தொங்கவிட்டபடி பின் சீட்டிலேயே இருந்தார். மகள் பக்கத்தில். மாப்பிள்ளை இறங்கி வந்தார்.

"பழசை வெச்சிருக்கீங்கல்ல மாமா? நீங்களே மாட்டிடுங்க." மூலையில் ஸ்கூட்டருக்கு முன்னால் குந்தியிருந்த நட்டுவைப் பார்க்காமலே, "நீங்களே" என்பதை இன்னொரு தடவை சொன்னார்.

டாக்டர் பின் அலமாரிக்குப் போனார். கழற்றிய எதையும் நட்டு தூக்கி எறிவதில்லை. மேல் தட்டில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. மேலே அவனுடைய உருண்டைக் கையெழுத்தில், 'மாப்பிள்ளை வண்டி. ஃபில்டர் பெட்டி 1, கிளிப் 3, ஸ்க்ரூ 4.' டாக்டர் பிரித்தார். கறுப்புப் பெட்டி. அதற்கு அடியில், நாலாக மடித்த ஒரு காகிதத்துக்குள் கிளிப்பும் ஸ்க்ரூவும்.

காகிதத்தை விரித்தார். அது அந்தக் காகிதம். எண்ணெய்க் குப்பி மேல் பெருக்கல் குறி. நடுவில் ஃபில்டரின் வாய் அளவுக்கு ஒரு எண்ணெய் வட்டம். ஓரத்தில் ஒரு கட்டை விரல் ரேகை. அவருடைய வலது கட்டை விரல் பல வருஷத்துக்கு முன்னால் சங்கிலியில் மாட்டி வெட்டுப்பட்டது. ரேகையின் குறுக்கே அந்த வெட்டு தெளிவாக விழுந்திருந்தது.

தம்பி இதை வைத்திருந்திருக்கிறான். அண்ணி திட்டியபோதும், ஜாக்கியைக் கீழே வைத்தபோதும் இது இந்தத் தட்டில்தான் இருந்திருக்கிறது.

"கிடைச்சுதா மாமா?" என்று வெளியிலிருந்து குரல்.

டாக்டர் கிளிப்பையும் ஸ்க்ரூவையும் அவசரமாக உள்ளங்கையில் அள்ளினார். காகிதத்தை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். திணித்த பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தார். பார்த்தும், வெளியே எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேலை சுலபமான வேலைதான். சிவப்பு ஃபில்டர் வெளியே வந்தது. பெட்டி உட்கார்ந்தது. கிளிப் மூன்றும் பிடித்தன. ஒரு ஸ்க்ரூ, இரண்டாவது, மூன்றாவது. உள்ளங்கை காலி. பெட்டியின் நாலாவது ஓட்டை திறந்தே இருந்தது. அவர் சுற்றிலும் தேடினார். குனிந்து தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். செய்தித்தாளில் எழுதியிருந்ததைப் படித்தார். "நாலுன்னு எழுதி மூணுதான் வெச்சிருக்காரு. எண்ணறதுல புலின்னு பேரு. அதுவும் போச்சா?" என்று லேசாகச் சிரித்தார். காருக்குள் சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டது கேட்டது.

மூலையில் ஸ்கூட்டர் சக்கரம் சுற்றுவது நின்றது. நட்டு எழுந்தான். ஆறு வாரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. இப்போது நிமிர்ந்திருந்தது. அவன் நடந்து வந்து செய்தித்தாளை எடுத்து உதறினான், திருப்பி உதறினான். மடிப்புகளில் விரலை ஓட்டினான்.

"நாலு வெச்சேன்" என்றான்.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு வெச்சேன் மாப்பிள்ளை" என்று மறுபடி சொன்னான். குரல் உடைந்துவிட்டது. எண்ணெய்க்கும் பாலத்துக்கும் உடைந்த கைக்கும் 'தப்புதான்' என்று தலைகுனிந்தவன், ஒரு ஸ்க்ரூவுக்கு அழப்போகிற மாதிரி நின்றான்.

டாக்டரின் தொடையில் ஏதோ உறுத்தியது. பைக்குள், காகித மடிப்பில். தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

கீழே விழுந்து கிடந்தது என்று சொல்லலாம். பையிலேயே விட்டுவிட்டு வேறு ஸ்க்ரூ மாட்டலாம். இரண்டும் அவருக்குத் தோன்றத்தான் செய்தன. தம்பியின் மோவாய் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே தோன்றின. அந்த ஆறு வாரத்தில் தன்னைப் பற்றி அவருக்கு மிகக் கேவலமாகப் பட்ட நிமிஷம் அதுதான்.

பைக்குள் கையை விட்டுக் காகிதத்தை எடுத்து விரித்தார். ஸ்க்ரூ சிமென்ட் தரையில் விழுந்து உருண்டு நட்டுவின் காலருகில் நின்றது.

"எண்ணினது சரிதான்" என்றார் டாக்டர். "நான்தான் பைக்குள்ள வெச்சேன். இந்தக் காகிதத்தை மறைக்கும்போது கூட வந்திருக்கு."

மாப்பிள்ளை காகிதத்தை வாங்கினார். படத்தைப் பார்த்தார், எண்ணெய் வட்டத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை இவன் வீட்டுலயே இல்ல. கண்ணாடி மாத்தப் போயிருந்தான். ஃபில்டரை மாட்டினது நான். எண்ணெய் ஊத்தினது நான். இது என் விரல்." கட்டை விரலை நீட்டிக் காட்டினார், கையெழுத்துத் தெரியாதவர் ரேகை வைக்கிற மாதிரி. "இவன் வந்து கழட்டிப் பாக்கலாம்னான். நான் வாயை மூடுன்னேன். அப்புறம் நீங்க கேட்டப்போ, நான் வாயை மூடிக்கிட்டேன்."

கார்க் கதவு திறந்தது. மகள் இறங்கினாள். மாமியார் பக்கம் திரும்பி, "எனக்கும் தெரியும் அத்தை. நான் பாத்தேன்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி டாக்டர் கேட்டதில்லை.

சம்பந்தியம்மா மெதுவாக இறங்கினார். சேற்றில் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து ஷெட்டுக்குள் வந்தார். காகிதத்தை இடது கையால் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்போ ஆறு வாரமா என் வேன் எல்லாத்தையும் பாத்தது யாரு?"

"நான்தான் சம்பந்தியம்மா."

"இவரு?"

"மூலைல. ஸ்கூட்டர் பாத்துக்கிட்டு."

அந்த அம்மா மூலையைப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட ஸ்கூட்டர், பக்கத்தில் பெயின்ட் டப்பா மூடி, அதில் வரிசையாக ஏழெட்டு நட்டு போல்ட்டுகள். பிறகு மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை காது வரைக்கும் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல நாலாம் நம்பர் வேன் வரும்" என்றார் நட்டுவிடம். "பிரேக் பாக்கணும். நீங்க பாருங்க தம்பி." ஒரு நிமிஷம் கழித்து, டாக்டரைத் திரும்பிப் பார்க்காமல், "நீங்க பக்கத்துல இருங்க" என்றார்.

அது மன்னிப்பா, தண்டனையா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து, "சின்ன மாமா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். நட்டு, "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்லுகிறவன், அன்றைக்குச் சொல்லவில்லை. நடுக் கதவில் வீட்டுக்காரி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் கணவனைப் பார்த்த பார்வையை டாக்டர் சாகும் வரை மறக்கப்போவதில்லை. அவள் உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

நட்டு குனிந்து ஸ்க்ரூவை எடுத்தான். சட்டையில் துடைத்தான். பானெட்டுக்குள் குனிந்து, அண்ணன் பூட்டியிருந்த மூன்று ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியில் வைத்தான். கிளிப்பையும் கழற்றினான். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தான். பெட்டிக்குள் இருட்டாக இருந்தது.

"அண்ணே, அந்த டார்ச்சைப் பிடிங்க."

டாக்டர் டார்ச்சை எடுத்து அடித்தார். வெளிச்சம் பெட்டி மேலும் குழாய் மேலும் தம்பியின் விரல் மேலும் அலைந்தது.

நட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நேரா பிடிங்க" என்றான்.

முப்பது வருஷத்தில் அவன் அண்ணனை அதட்டியது அதுதான் முதல் தடவை. டாக்டர் இன்னொரு கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாலாவது ஸ்க்ரூ உள்ளே இறங்கி மூடி காலியாகிற வரைக்கும்.